ஒரு லட்சம் மைலும் ஒரு நாற்பது பக்க நோட்டும்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மாணவர் மன்றத்தில் கேட்டார்கள். கவிதை எனக்கு வராது. கதையும் வராது. அதனால் எனக்குப் பிடித்துப்போன ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்கிறேன். அதைச் சொல்லும்போது நான் செய்த ஒரு தப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. படித்துவிட்டு யாரும் கிண்டல் பண்ணக் கூடாது.

நம்ம விடுதியில் போன வருஷம் ஒரு போட்டி நடந்தது ஞாபகம் இருக்கா? யார் அதிக ஊர் பார்த்திருக்கிறார்கள் என்று ஆளுக்கொரு பட்டியல் போட்டோம். சிலர் செல்போனில் எழுதினார்கள். நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். என் பட்டியலில் 31 ஊர். நான்தான் முதலில் வந்தேன். கை தட்டினீர்கள். அந்த நோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

அதற்கு ஒரு மாதம் கழித்து நூலகத்தில் ஏ.கே. செட்டியார் என்ற பெயர் போட்ட பயண நூல் ஒன்று கண்ணில் பட்டது. உலகம் சுற்றும் வாலிபன் என்றால் எல்லோருக்கும் எம்.ஜி.ஆர். ஞாபகம் வரும். அந்தப் படம் வந்தது 1973-ல். ஆனால் அதற்கு 33 வருஷம் முன்பே, 1940-ல், 'உலகம் சுற்றும் தமிழன்' என்ற புத்தகத்தை எழுதியவர் இவர். கடைசியில் அந்தத் தலைப்பே அவருக்குப் பட்டப் பெயராகிவிட்டது.

யார் இந்த செட்டியார்?

செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911-ம் வருஷம் பிறந்தார். முழுப் பெயர் அ. கருப்பன் செட்டியார். அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்து இளைஞர்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் தொழில் பார்க்கப் போவது வழக்கம். இவரும் பர்மா போனார். ஆனால் வட்டிக் கணக்கு எழுத உட்காரவில்லை. ரங்கூனில் 'தனவணிகன்' என்ற பத்திரிகைக்கு ஆசிரியரானார். பிறகு ஜப்பான் போய் டோக்கியோவில் புகைப்படக் கலை படித்தார். அங்கிருந்து அமெரிக்கா போய் நியூயார்க்கிலும் அதையே படித்தார். நம்மைப் போல அவரும் ஒரு தொழிற்கல்வி மாணவர்தான் என்றால் அது மிகையாகாது!

1937 அக்டோபர் 2. காந்தியின் பிறந்தநாள். நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து நோக்கி ஒரு கப்பலில் போய்க்கொண்டிருந்தார் செட்டியார். வயது இன்னும் 26 நிறையவில்லை. சுற்றிலும் கடல். அப்போதுதான் அந்த எண்ணம் தோன்றியது. காந்தியின் வாழ்க்கையை ஒரு முழுநீள ஆவணப் படமாக எடுத்தால் என்ன?

எண்ணுவது சுலபம். செய்வது? காந்தியைப் படம் பிடித்தவர்கள் ஒருவர் இருவர் அல்ல. 30 வருஷ காலத்தில் சுமார் நூறு கேமராக்காரர்கள் துண்டு துண்டாக எடுத்திருந்தார்கள். அந்தத் துண்டுகள் இந்தியா, தென்னாப்பிரிக்கா, ஐரோப்பா, அமெரிக்கா என்று நான்கு கண்டங்களில் சிதறிக் கிடந்தன. இன்றைக்கு மாதிரி ஒரு பொத்தானை அழுத்தினால் வந்து நிற்கிற காலம் இல்லை. கடிதம் எழுத வேண்டும், பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும், பிறகு நேரில் போய்க் கேட்க வேண்டும். கையில் பெரிய பதவி கிடையாது. ஆள்வதோ வெள்ளைக்கார அரசாங்கம். தேடுவதோ அவர்களை எதிர்க்கிற மனிதரின் படம்!

மூன்று வருஷத்துக்குள் அவர் சுற்றிய தூரம் சுமார் ஒரு லட்சம் மைல் என்கிறார்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு லட்சம் மைல் என்றால் 1,60,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர். ஆக, பூமியை நான்கு சுற்று சுற்றிய தூரம். சேகரித்த பிலிம் 50,000 அடி. அதிலிருந்து வெட்டி ஒட்டி 12,000 அடியில் படம் தயாரானது. பேசும்பட வேகத்தில் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். அப்படியானால் படம் இரண்டேகால் மணி நேரம். ஒன்பது மணி நேரத்துக்கு மேலான பிலிமைப் பார்த்துப் பார்த்து, இரண்டேகால் மணி நேரமாகச் சுருக்கியிருக்கிறார்.

1940 ஆகஸ்ட் மாதம் சென்னையில் தமிழ் விளக்க உரையோடு படம் வெளியானது. டி.கே. பட்டம்மாள் அதில் பாடினார். பிறகு தெலுங்கிலும் வந்தது. 1942-ல் வெள்ளையனே வெளியேறு போராட்டம் வந்ததும் அந்தப் படத்தை வெளியே காட்ட முடியாத நிலை. 1947-ல் சுதந்திரம் வந்த வேளையில் இந்தி விளக்க உரையோடு டில்லியில் காட்டினார்கள். 1953-ல் அமெரிக்காவில் ஆங்கிலப் பதிப்பு வந்தது. நண்பர்களே, இவ்வளவு பாடுபட்ட அந்தத் தமிழ்ப் படம் பின்னாளில் காணாமலே போனது! பல வருஷம் கழித்து, ஆய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி அமெரிக்காவில் தேடி, ஆங்கிலப் பதிப்பின் சுருக்கம் ஒன்றைக் கண்டெடுத்தார். தேடியவரின் படத்தையே இன்னொருவர் தேட வேண்டியதாயிற்று.

பார்த்தது போதாது

படத்தோடு அவர் நிற்கவில்லை. 1943-ல் 'குமரி மலர்' என்ற பத்திரிகையை ஆரம்பித்தார். பழைய காலத்து அரிய கட்டுரைகளைத் தேடிப் பிடித்து அதில் மறுபடி அச்சிட்டார். பயணமும் நிற்கவில்லை. 'மலேயா முதல் கனடா வரை', 'அமெரிக்க நாட்டில்', 'கரிபியன் கடலும் கயானாவும்' என்று புத்தகங்கள் வந்துகொண்டே இருந்தன. தலைப்பைப் படித்தாலே ஒரு ஊர்ப் பட்டியல் மாதிரி இருக்கும். நம்ம நீலகிரிக்கு வடமேற்கே இருக்கிற குடகைப் பற்றியும் தனிப் புத்தகம் எழுதினார். தன் பயணம் மட்டும் போதும் என்று இருக்காமல், தமிழ்நாட்டில் அவருக்கு முன்னால் பயணம் போனவர்கள் எழுதிய கட்டுரைகளையும் பழைய பத்திரிகைகளில் தேடித் தொகுத்தார். 1983-ல் காலமானார்.

அவருடைய எழுத்தில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது ஒன்றுதான். இத்தனை நாடு போனவர், நான் போனேன் நான் பார்த்தேன் என்று எங்கேயும் மார் தட்டுவதில்லை. 'நான்' என்ற ஆளையே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் எப்படி வாழ்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், அங்கே கூலிக்குப் போன நம்ம ஜனங்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்னும் தமிழ் தெரியுமா என்பதுதான் அவர் பார்வை. ஊரை எண்ணுகிறவர் இல்லை அவர். ஊரில் இருக்கிற மனுஷனைப் பார்க்கிறவர்.

அதைப் படித்த ராத்திரி என் நோட்டை எடுத்தேன். இப்போது தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த 31 ஊரில் மைசூரும் பெங்களூரும் பொய். வகுப்பிலிருந்து தொழிற்சாலை பார்க்கக் கூட்டிப் போனபோது எனக்குக் காய்ச்சல் என்று சொன்னேனே, காய்ச்சல் இல்லை. அம்மா கொழுந்து எடுக்கிற சம்பளத்தில் அந்தப் பணத்தைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பிறகு மாமாவோடு தனியாகப் போய் வந்தேன் என்று உங்களிடம் கதை விட்டேன். இன்னும் 12 ஊர் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தது. கீழே இறங்கி ஒரு டீ கூடக் குடித்ததில்லை. 14 ஊரையும் பேனாவால் அடித்தேன். மிச்சம் 17.

அப்பாயியின் பட்டியல்

லீவுக்குச் சேரம்பாடி போனபோது எங்க அப்பாயியிடம் இதையெல்லாம் சொன்னேன். அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியதே நான்தான். அப்பாயி எங்கேயும் போனதில்லை, பட்டியல் என்று ஒன்று போட்டால் காலியாகத்தான் இருக்கும் என்று அதுவரை நினைத்திருந்தேன். அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டே அப்பாயி ஊர்ப் பேராகச் சொல்ல ஆரம்பித்தது. நான் எழுதினேன்.

அட்டன், பொல்காவலை, மதவாச்சி, தலைமன்னார். அங்கே கப்பல். பிறகு இராமேஸ்வரம், மண்டபம், திருச்சி, ஈரோடு, கோயமுத்தூர், மேட்டுப்பாளையம், குன்னூர், ஊட்டி, நடுவட்டம், கூடலூர், சேரம்பாடி. மொத்தம் 15 ஊர். ஒரே பயணம். திரும்பிப் போகாத பயணம்.

1964 அக்டோபர் 30-ல் சிறீமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் இலங்கைத் தோட்டங்களிலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. பரீட்சையில் கேட்டால் எழுதுகிற எண் அது. அதில் ஒருத்திதான் 1974-ல் 14 வயதில் கப்பல் ஏறிய எங்க அப்பாயி. அவர்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் நம்ம மலையில் அரசாங்கத் தேயிலைத் தோட்டம் ஆரம்பமானது. பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை, கையில் ஒரு தகரப் பெட்டி. மதவாச்சி ஸ்டேஷனில் தங்கச்சியின் செருப்பு ஒன்று தண்டவாளத்தில் விழுந்துவிட்டதாம். அந்த ஒற்றைச் செருப்பைச் சேரம்பாடி வரைக்கும் தூக்கி வந்தார்களாம். இதை யாரும் அப்பாயியிடம் இதுவரை கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

செட்டியார் கயானா போய், கரிபியன் தீவுகளுக்குப் போய் நம்ம ஜனங்களைத் தேடினார். எங்க வீட்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தவரை நான் தேடவில்லை.

நண்பர்களே! நம்ம கல்லூரியில் படிக்கிறவர்களில் எத்தனை பேருடைய தாத்தா பாட்டி இப்படிக் கப்பலில் வந்தவர்கள்! எத்தனை பேர் கீழ்நாட்டிலிருந்து மலை ஏறி வந்தவர்கள்! இந்த லீவில் ஒரு நோட்டு வாங்குங்கள். உங்கள் ஊர்ப் பட்டியலை அப்புறம் போடலாம். முதலில் அவர்கள் வந்த வழியைக் கேட்டு எழுதுங்கள். நாள் தள்ளினால் சொல்ல ஆள் இருக்காது.

என் நோட்டில் இப்போது இரண்டு பட்டியல். என்னுடையது 17. அப்பாயியுடையது 15. படிப்பு முடிந்து முதல் சம்பளம் வாங்கினால் அப்பாயியை இராமேஸ்வரம் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். தலைமன்னார்க் கப்பல் 1980-களிலேயே நின்றுவிட்டது. பரவாயில்லை. கப்பல் வந்து நின்ற இடத்தையாவது காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். அது என் பட்டியலில் 18-வது ஊராக இருக்கும். கட்டாயம் கீழே இறங்குவேன்.

மைசூர், பெங்களூர் விஷயத்துக்காக அறைத் தோழர்கள் மன்னிக்கவும். முதல் பரிசாகக் கொடுத்த பேனாவை மன்றத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இந்தக் கட்டுரையை மட்டும் அதில்தான் எழுதினேன்.