பூட்டுக்காரர் மகன் ஓம்

தோழர்களே, லூமுட் வட்டாரத்தில் கார், லாரி வைத்திருக்கும் நம்மவர்கள் பலர் பல்பை நாமே மாற்றிக் கொள்கிறோம். அந்தப் பல்புக்குள் இருக்கும் கணக்கைக் கண்டு சொன்னவர் பெரிய வீட்டுப் பிள்ளையல்ல. பூட்டு செய்து பிழைத்தவரின் மகன். பெயர் ஜார்ஜ் சைமன் ஓம்.

1789 மார்ச் 16-ல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தார். பத்து வயதில் தாயாரை இழந்தார். பள்ளிப் படிப்பு இல்லாத தகப்பனார் தாமே கணிதம் கற்று, பட்டறை வேலைக்கிடையே மகன்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். பல்கலைக்கழகம் போன பிள்ளையோ நடனம், பில்லியர்ட் என்று பொழுதைக் கழித்தார். தகப்பனாருக்கு வந்ததே கோபம்! படிப்பை நிறுத்தச் சொல்லிவிட்டார். மகன் சுவிட்சர்லாந்துக்கு வாத்தியாராகப் போனார். நம் லயத்து வீடுகளிலும் இப்படி நடந்ததுண்டு. பிறகு ஊர் திரும்பி 1811-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

1817-ல் கொலோன் நகரப் பள்ளியில் வேலை. அங்கேதான் கம்பிகளை வைத்துச் சோதனை தொடங்கினார். அன்றைய பேட்டரியின் சக்தி நிலையாக நிற்காது. அதனால் செம்பையும் பிஸ்மத் உலோகத்தையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறு முனையைப் பனிக்கட்டியிலும் வைத்தார். ஒரே சீரான மின்சாரம் கிடைத்தது. கம்பி நீண்டால் தடை கூடும், தடித்தால் குறையும். தடை கூடினால் ஓட்டம் குறையும் என்று தெளிந்தது.

இதை நம் கார் பல்பில் போட்டுப் பாருங்கள். 12 வோல்ட், 5 வாட் பல்பில் ஓடுவது 0.42 ஆம்பியர், எரியும்போது தடை சுமார் 29 ஓம். 21 வாட் சிக்னல் பல்பில் 1.75 ஆம்பியர், தடை ஏழு ஓம்தான். வாட் கூடினால் தடையும் கூடும் என்று நினைப்பவர்கள் உண்டு, நேர்மாறு. 5 வாட் இடத்தில் 21 வாட்டைச் சொருகினால் நாலு மடங்கு ஓட்டம். ஒயர் சூடாகும், ஹோல்டர் உருகும். இன்னொன்று: எரியாத பல்பை மீட்டரில் அளந்தால் ஒரு ஓம்கூட வராமல் போகலாம். பல்பு கெட்டுப் போச்சு என்று வீசிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் டங்ஸ்டன் இழை சூடேறினால் அதன் தடை பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும்.

1827-ல் ஓம் இதை நூலாக வெளியிட்டார். சொந்த நாட்டில் மதிப்பு கிடைக்கவில்லை. மனம் நொந்து 1828-ல் கொலோன் வேலையை விட்டார். 1833-ல்தான் நூரம்பெர்க் தொழில்நுட்பப் பள்ளியில் இடம் கிடைத்தது. லண்டன் ராயல் சொசைட்டி 1841-ல் கோப்ளி பதக்கம் கொடுத்த பிறகே ஊரார் கண் திறந்தது. 1852-ல் மியூனிக் பல்கலைக்கழகப் பேராசிரியர். இரண்டே வருடம், 1854 ஜூலை 6-ல் காலமானார். கடைசி வரை கல்யாணம் செய்து கொள்ளவில்லை.

1881-ல் பாரிஸில் கூடிய மின்சார மாநாடு தடையின் அளவுக்கு அவர் பெயரை ஏற்றது. மீட்டரில் குதிரை லாடம் மாதிரி இருக்கிறதே, அந்தக் குறிதான்.