நான்கு சுவருக்குள் நைட்டிங்கேல்

மூட்டுவாதத்தால் நான் வீட்டோடு முடங்கி ஏழு மாசம் ஆச்சு. நண்பர்கள் ஆலயத் தொண்டுக்குக் கிளம்பும்போது, இனி நமக்கு என்ன வேலைன்னு மனசு சோர்ந்துடும். அப்போதான் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலின் வாழ்க்கையைப் படித்தேன்.

பள்ளியில் படித்தோமே, விளக்கேந்திய சீமாட்டி, அவர்தான். 1854-இல் 38 தாதியரோடு கிரிமியப் போருக்குப் போனவர், மறு வருஷமே கடும் காய்ச்சலில் விழுந்தார். 1857 முதல் பல ஆண்டுகள் பெரும்பாலும் அறைக்குள்ளேயே கழிந்தன. ஆனா வேலை நிக்கல. பார்க்க வருபவர்களை நேரம் குறித்து, ஒவ்வொருவராகத்தான் சந்தித்தார். மிச்சத் தெம்பெல்லாம் எழுத்துக்கு. துணைக்குப் பூனைகள். இந்தியாவுக்கு ஒருமுறைகூடப் போகாமலே, அங்குள்ள சுகாதாரத்துக்காகப் பல ஆண்டுகள் எழுதிக்கொண்டே இருந்தார். 1859-இல் எழுதிய தாதிமை நூலில், ஒரே சுவரைப் பார்த்துக் கிடப்பதே நோயாளிக்குத் தனி வேதனை, சன்னல் காட்சியும் பூவின் நிறமும் உடம்புக்கே நல்லது என்று விளக்கினார். 1910-இல், 90 வயதில் மறைந்தார்.

படித்த அன்றே என் கட்டிலைச் சன்னல் பக்கம் நகர்த்தித் தரச் சொன்னேன். அம்மா நகர்த்தித் தந்தாங்க. மதியத்துக்கு மேல் விரல் இறுக்கம் கொஞ்சம் தளரும். அந்த ஒரு மணி நேரம் தேவார வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடக் குறிப்பு எழுதுறேன். உங்க நண்பர் யாராவது இப்படி வீட்டில் இருந்தா, நலம் விசாரிப்பதோடு நிறுத்தாதீங்க. அவரால் முடிந்த ஒரு வேலையும் கொடுங்க.