பூட்டிய அறைகளைத் திறந்து பார்த்தவர்: மருத்துவக் கல்லூரிகளுக்கு மார்க் போட்ட ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் யார்?

அமெரிக்காவில் மருத்துவம் படிப்பது பற்றி நீங்களோ, உங்கள் வீட்டில் யாராவதோ கூகுளில் தேடியிருந்தால் இரண்டு பட்டங்கள் கண்ணில் பட்டிருக்கும். ஒன்று எம்.டி, இன்னொன்று டி.ஓ. இரண்டாவது, ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரிகள் கொடுக்கும் பட்டம். உடனே அடுத்த கேள்வி வரும். இந்த டி.ஓ காலேஜ் எல்லாம் நல்ல காலேஜா, இல்ல சும்மா பேருக்கு நடக்குதா?

இந்தக் கேள்விக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. இதற்காக ஊர் ஊராக ரயிலில் போய், கதவைத் திறந்து பார்த்து, பார்த்ததைக் கல்லூரியின் பெயரோடு அச்சிலும் போட்டவர் ஒருவர் இருக்கிறார். அவர் டாக்டர்கூட இல்லை. ஸ்கூல் வாத்தியார்.

யார் இந்த ஃப்ளெக்ஸ்னர்?

ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் 1866-ல் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் பிறந்தார். ஜெர்மன் மொழி பேசும் பகுதிகளிலிருந்து குடியேறிய யூதக் குடும்பம், ஒன்பது பிள்ளைகள். 1873-ல் அமெரிக்காவை உலுக்கிய பொருளாதாரச் சரிவில் அப்பாவின் வியாபாரம் போயிற்று. மருந்துக்கடை வைத்திருந்த மூத்த அண்ணன் ஜேக்கப் கொடுத்த பணத்தில்தான் தம்பி ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் போனார். கையில் காசு குறைவு. அதனால் படிப்பை இரண்டே வருடத்தில் முடித்துவிட்டு, 19 வயதில் ஊருக்குத் திரும்பி வாத்தியார் வேலையில் சேர்ந்தார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வகுப்பு முழுவதையும் ஃபெயில் ஆக்கிவிட்டதாகத் தன் வாழ்க்கை வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். ஊரில் பெரிய சலசலப்பு. பெற்றோர் கொதித்தார்கள். ஆனால் சில வருடம் கழித்து அவர் சொந்தமாக ஒரு பள்ளி தொடங்கியபோது, பசங்களை அனுப்பியவர்களும் அதே ஊர்க்காரர்கள்தான்! அந்தப் பள்ளியில் வழக்கமான பரீட்சை கிடையாது, ரிப்போர்ட் கார்டு கிடையாது. அங்கிருந்து வந்த பையன்கள் மற்றவர்களைவிடச் சின்ன வயதிலேயே வந்து நன்றாகப் படிப்பதை ஹார்வர்டு கவனித்தது.

1905-ல் பள்ளியை மூடினார். மனைவி ஆன் கிராஃபோர்ட் எழுதிய நாடகம் பிராட்வேயில் ஓடி, கொஞ்சம் பணம் சேர்ந்திருந்தது. ஹார்வர்டு, பெர்லின் என்று படிக்கப் போனார். 1908-ல் அமெரிக்கக் கல்லூரிகளை விமர்சித்து ஒரு புத்தகம் போட்டார். அது கார்னகி கல்வி அறக்கட்டளையின் தலைவர் ஹென்றி பிரிட்செட் கண்ணில் பட்டது. நாட்டிலுள்ள எல்லா மருத்துவக் கல்லூரிகளையும் ஆய்வு செய்ய வருகிறீர்களா என்று அவர் கேட்டார்.

ஃப்ளெக்ஸ்னருக்கு முதலில் ஒரு சந்தேகம். அண்ணன் சைமன் ஃப்ளெக்ஸ்னர் பெயர்பெற்ற மருத்துவ விஞ்ஞானி. ஆள் மாறி நம்மைக் கூப்பிட்டுவிட்டாரோ? இல்லை என்று பிரிட்செட் உறுதியாகச் சொன்னார். அவருக்கு வேண்டியிருந்தது மருத்துவரின் கண் அல்ல, ஒரு வாத்தியாரின் கண். அதுவரை ஃப்ளெக்ஸ்னர் எந்த மருத்துவக் கல்லூரிக்குள்ளும் கால் வைத்ததில்லை.

காசு கட்டினால் டாக்டர்

அன்றைய நிலைமையை இன்று நினைத்துப் பார்ப்பது கஷ்டம். நாலைந்து டாக்டர்கள் சேர்ந்து ஒரு கட்டடத்தை வாடகைக்குப் பிடிப்பார்கள். போர்டு மாட்டுவார்கள். வரும் ஃபீஸைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்வார்கள். பல இடங்களில் பள்ளிப் படிப்பை முடிக்காதவருக்கும் சீட் கிடைத்தது. நோயாளியையே தொட்டுப் பார்க்காமல் பட்டம் வாங்கியவர்களும் உண்டு.

இப்படிப்பட்ட 155 கல்லூரிகளை அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் ஒன்றரை வருடத்தில் அவர் போய்ப் பார்த்தார். முதலில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியை நன்றாகப் பார்த்து, அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டார். மற்ற இடங்களில் அவர் கேட்டது ஐந்தே விஷயம். யாரைச் சேர்க்கிறீர்கள், அந்த விதியை உண்மையிலேயே கடைப்பிடிக்கிறீர்களா? ஆசிரியர்கள் எத்தனை பேர், என்ன படித்தவர்கள்? பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது? லேப் எப்படி இருக்கிறது? மாணவர்கள் பழக மருத்துவமனை இருக்கிறதா, அங்கே உங்களுக்கு உரிமை உண்டா?

ஒரு கல்லூரியில் உடலியல் ஆய்வகம் இருக்கிறதா என்று கேட்டாராம். இருக்கிறது, மாடியில், இதோ கொண்டுவருகிறேன் என்று டீன் எழுந்து போனார். நாடித்துடிப்பைப் பதிவு செய்யும் சின்னக் கருவி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். அதுதான் அவர்களுடைய மொத்த ஆய்வகமும்.

ஆஸ்டியோபதி எங்கே வந்தது?

இங்கே இன்னொருவரைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். கான்சாஸில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர். 1864-ல் மூளைக்காய்ச்சல் அவருடைய மூன்று பிள்ளைகளைக் கொண்டுபோயிற்று. மருந்தால் எதுவும் ஆகவில்லை. அன்றைய மருந்து என்றால் பாதரசமும் அபினும்தான், பல நேரம் நோயைவிட வைத்தியமே ஆபத்து. அதனால் அவர் மருந்தை வெறுத்ததில் நியாயம் இருந்தது. எலும்பும் தசையும் சரியான இடத்தில் இருந்து, ரத்த ஓட்டம் தடைபடாமல் இருந்தால் உடம்பு தன்னையே குணப்படுத்திக்கொள்ளும் என்பது அவர் நம்பிக்கை. 1874-ல் அதை அறிவித்தார். 1892-ல் மிசௌரியின் கிர்க்ஸ்வில் என்ற சிறிய ஊரில் முதல் ஆஸ்டியோபதி கல்லூரியைத் தொடங்கினார். முதல் வகுப்பிலேயே பெண்களையும் சேர்த்துக்கொண்டார்.

ஃப்ளெக்ஸ்னர் கிளம்பிய நேரத்தில் நாட்டில் எட்டு ஆஸ்டியோபதி கல்லூரிகள் இருந்தன. 80 வயதைத் தாண்டிய ஸ்டில் கிர்க்ஸ்வில்லில் உயிரோடுதான் இருந்தார்.

பூட்டிய கதவு

எட்டில் ஒன்று அயோவா மாநிலத்தின் டி மாய்ன் நகரில் இருந்தது. டீன் கூடவே நடந்து சுற்றிக் காட்டினார். ஒவ்வொரு கதவிலும் பெயர்ப்பலகை. உடற்கூறியல், உடலியல், நோய்க்குறியியல். ஆனால் எல்லாக் கதவும் பூட்டியிருந்தது. சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறதாம், ஆளைக் காணோமாம்.

ஃப்ளெக்ஸ்னர் எதுவும் கேட்கவில்லை. எல்லாம் திருப்தி என்பதுபோல் தலையாட்டினார். டீன் அவரை ரயில் நிலையம்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் இவர் நேராகக் கல்லூரிக்கே திரும்பினார். வாட்ச்மேனைத் தேடிப் பிடித்து, கையில் 5 டாலர் கொடுத்து, எல்லா அறையையும் திறக்கச் சொன்னார்.

எல்லா அறையிலும் இருந்தது ஒன்றேதான். ஒரு மேஜை, ஒரு சின்ன கரும்பலகை, சில நாற்காலிகள். உடற்கூறியல் அறைக்கும் நோய்க்குறியியல் அறைக்கும் வித்தியாசம் வெளியே இருந்த பலகையில் மட்டும்தான். படம்கூட இல்லை, கருவி எதுவும் இல்லை.

ஆய்வுக் குழு வருகிற அன்றைக்கு மட்டும் பளபளப்பாகும் கல்லூரியில் படித்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், இதைப் படிக்கும்போது லேசாகச் சிரிப்பு வந்திருக்கும்.

1910-ல் அறிக்கை வெளியானது. எட்டு ஆஸ்டியோபதி கல்லூரிகளையும் அவர் கடுமையாகவே எழுதினார். 1,300-க்கு மேற்பட்ட மாணவர்கள் வருடத்துக்குச் சுமார் 2 லட்சம் டாலர் கட்டுகிறார்கள், பதிலுக்குக் கிடைக்கும் படிப்பு எதற்கும் உதவாதது, இது வெறும் வியாபாரம் என்பது அவருடைய முடிவு.

ஆனா ஒரு விஷயத்தைப் பலரும் தவற விடுகிறார்கள். ஆஸ்டியோபதி சரியா தப்பா என்ற சண்டைக்குள் அவர் பெரிதாகப் போகவே இல்லை. அவருடைய வாதம் இன்னும் எளிமையானது. நீங்கள் கையால் வைத்தியம் பாருங்கள், மருந்தால் பாருங்கள். எதுவானாலும் வந்திருப்பது என்ன நோய் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும் இல்லையா? அதற்கு உடற்கூறியலும் நோய்க்குறியியலும் எல்லாருக்கும் ஒன்றுதான். அதைக் கற்றுத்தர லேப் இல்லாவிட்டால் எந்தக் கொள்கை பேசியும் பயனில்லை. எம்.டி கல்லூரிகளையும் இதே கோலால்தான் அளந்தார். சொந்த ஊரான லூயிவில்லைக்கூட விடவில்லை. சிகாகோ பக்கம் வந்தால் சுட்டுவிடுவோம் என்று மொட்டைக் கடிதம் வந்தது. போய்விட்டுப் பத்திரமாகத் திரும்பினார்.

155 கல்லூரிகள் தேவையில்லை, 31 போதும் என்றார் ஃப்ளெக்ஸ்னர். அவ்வளவு குறையவில்லை. ஆனால் 1920-களின் தொடக்கத்தில் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகிவிட்டது. அறிக்கை வருவதற்கு முன்பே சில கல்லூரிகள் மூடத் தொடங்கியிருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், எல்லாப் பெயரும் பழியும் இவருக்கே போக வேண்டியதில்லை. பிறகு ராக்ஃபெல்லர் குடும்பத்தின் கல்வி வாரியத்தில் சேர்ந்து, தேறிய கல்லூரிகளுக்குக் கோடிக்கணக்கில் பணம் போகவும் வழி செய்தார்.

அவர் போட்ட தப்புக் கணக்கு

அளவுகோல் சரியாக இருந்தால் மட்டும் போதுமா? இங்கேதான் ஃப்ளெக்ஸ்னரின் கதை கசக்கிறது.

கறுப்பின மாணவர்களுக்காக அன்று ஏழு மருத்துவக் கல்லூரிகள் இருந்தன. வாஷிங்டனில் ஹோவர்டு, நாஷ்வில்லில் மெஹாரி, இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதினார். மற்ற ஐந்தும் சில ஆண்டுகளில் மூடப்பட்டன. அவை ஏழைக் கல்லூரிகள், லேப் இல்லைதான். ஏன் இல்லை, அவற்றை மூடினால் அந்த மாணவர்கள் எங்கே போவார்கள் என்று அவர் கேட்கவில்லை. வெள்ளையர் கல்லூரிகளில் அவர்களுக்குப் பெரும்பாலும் இடமே கிடையாது. கறுப்பின மருத்துவர்களின் முக்கிய வேலை தங்கள் மக்களுக்குச் சுகாதாரம் சொல்லிக்கொடுப்பது என்றும், அதனால் வெள்ளையருக்கும் பாதுகாப்பு என்றும் எழுதினார். மூடப்பட்ட அந்தக் கல்லூரிகள் நீடித்திருந்தால் 35,000 பேர்வரை கூடுதலாக மருத்துவர்கள் வந்திருக்கலாம் என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதே ஆண்டில்தான் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் தன் விருதிலிருந்து ஃப்ளெக்ஸ்னரின் பெயரை எடுத்தது.

கறாரான ஆய்வு என்றால் எப்போதும் கைதட்டும் பழக்கம் நமக்கு உண்டு. இவரைப் பற்றி எழுதும்போது என்னால் பாதிதான் கைதட்ட முடிகிறது.

அந்த எட்டு கல்லூரிகள் என்ன ஆயின?

அறிக்கையால் அவமானப்பட்ட ஆஸ்டியோபதி கல்லூரிகளில் சில மூடின, சில இணைந்தன. மீதமிருந்தவை மெதுவாக மாறின. சேர்க்கை விதிகளை இறுக்கின, லேப் கட்டின, ஸ்டில் வெறுத்த மருந்தியலையும் பாடத்தில் சேர்த்தன. 1962-ல் கலிபோர்னியாவில் சுமார் 2,000 டி.ஓ-க்கள் 65 டாலர் கட்டணம் கட்டி எம்.டி ஆனார்கள். படிப்பில் அவ்வளவு வித்தியாசம் இல்லை என்று அரசே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. 1973-க்குள் 50 மாநிலங்களிலும் டி.ஓ-க்களுக்கு முழு மருத்துவ உரிமை கிடைத்தது. 2020 முதல் எம்.டி, டி.ஓ இருவரின் மேற்பயிற்சிக்கும் ஒரே அங்கீகார அமைப்புதான். இன்று அமெரிக்க மருத்துவ மாணவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் டி.ஓ கல்லூரியில் படிக்கிறார். இதெல்லாம் அமெரிக்காவின் டி.ஓ பற்றி மட்டும்தான். பிரிட்டன் போன்ற நாடுகளில் ஆஸ்டியோபத் என்றால் கைச்சிகிச்சை நிபுணர், மருத்துவர் அல்ல.

அப்போ இன்னைக்கு ஒரு டி.ஓ கல்லூரியை எப்படி எடைபோடுவது? ஃப்ளெக்ஸ்னரின் ஐந்து கேள்விகளும் இன்னும் செல்லும். அதிலும் கடைசிக் கேள்வியைக் கொஞ்சம் அழுத்திக் கேளுங்கள். புதிய டி.ஓ கல்லூரிகள் பலவற்றுக்குச் சொந்த மருத்துவமனை இல்லை. மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்கள் தூரத்து ஊர்களிலுள்ள மருத்துவமனைகளுக்குப் போய்ப் பழக வேண்டியிருக்கும். எந்த மருத்துவமனை, யார் கற்றுக்கொடுப்பார்கள், தங்கும் செலவு யாருடையது என்று சேர்வதற்கு முன்பே விசாரிப்பது நல்லது. பணம் பற்றிய கேள்வியும் அப்படித்தான். 2008-ல் கொலராடோவில் ஒரு ஆஸ்டியோபதி கல்லூரி லாப நோக்கு நிறுவனமாகவே தொடங்கப்பட்டது. ஃப்ளெக்ஸ்னர் காலத்தோடு ஒழிந்தது என்று நினைத்த மாடல் அது.

ரேங்க் பட்டியலை நம்பி முடிவெடுக்க வேண்டாம். யு.எஸ். நியூஸ் பத்திரிகையே 2024-ல் மருத்துவக் கல்லூரிகளுக்கு எண் போட்டு வரிசைப்படுத்துவதை நிறுத்தி, அடுக்குகளாக மாற்றிவிட்டது. உரிமத் தேர்வில் எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேருக்கு ரெசிடென்சி கிடைத்தது, நடுவில் எத்தனை பேர் படிப்பை விட்டார்கள், இந்த மூன்று எண்களையும் பல வருடங்களுக்குச் சேர்த்துப் பாருங்கள். ஒரு வருட எண்ணை மட்டும் காட்டினால் மற்ற வருடங்களைக் கேளுங்கள். வெளிநாட்டு மாணவர்களை எல்லா டி.ஓ கல்லூரிகளும் எடுப்பதில்லை, அதை முதலிலேயே தெரிந்துகொண்டால் விண்ணப்பக் கட்டணம் மிச்சம்.

ஃப்ளெக்ஸ்னர் பிறகு மருத்துவத்தை விட்டு வெகுதூரம் போனார். 1930-ல் பிரின்ஸ்டனில் உயர் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கி, ஐன்ஸ்டைனை அங்கே அழைத்து வந்தார். பரீட்சை இல்லாத பள்ளி நடத்திய அதே மனிதர் கட்டியது என்பது பார்த்தாலே தெரியும். மாணவர் கிடையாது, பட்டம் கிடையாது, யோசிக்க நேரம் மட்டும் உண்டு. 1959-ல், 92 வயதில் இறந்தார்.

கிர்க்ஸ்வில் கல்லூரி இன்று ஏ.டி. ஸ்டில் பல்கலைக்கழகம் என்ற பெயரில் நடக்கிறது. டி மாய்ன் நகரின் ஆஸ்டியோபதி கல்லூரியும் இன்று ஒரு பல்கலைக்கழகம்.