குருதிக்கு விலை வேண்டாமென்றவர்

என்னிடம் முதுகலை பயின்ற மாணவர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன், முகமறியாத ஒரு நோயாளிக்கு ரத்த ஸ்டெம் செல் கொடுத்துவிட்டு வந்து என்னைப் பார்த்தார். சில நாள்கள் தொடர்ந்து ஊசி போட்டு, எலும்பு மஜ்ஜையில் இருக்கும் குருத்தணுக்களை ரத்தத்துக்குள் வரவழைக்கிறார்கள். பிறகு ஒரு கையிலிருந்து வெளியேறும் ரத்தம் இயந்திரத்தின் வழியே செல்கிறது. குருத்தணுக்கள் பிரிக்கப்பட்டு, எஞ்சியது மறு கை வழியே உடலுக்குத் திரும்புகிறது. பல மணி நேரம் படுத்தே இருக்க வேண்டும். ஊசி போட்ட நாள்களில் எலும்பெல்லாம் வலித்தது என்றார். எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டேன். பொருளியல் ஆசிரியனின் வாயில் முதலில் வருவது அக்கேள்விதானே. அவர் சிரித்துவிட்டார். அன்றிரவு ரிச்சர்ட் டிட்மஸின் நூலைத் தேடி எடுத்தேன்.

டிட்மஸ் 1907-இல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டுஷயரில், விவசாயத்தில் தேறாத ஒருவரின் மகனாகப் பிறந்தார். 14 வயதில் பள்ளியை விட்டார். கணக்கெழுதக் கற்று, 18 வயதில் காப்பீட்டு நிறுவனமொன்றில் எழுத்தராகச் சேர்ந்தவர், 16 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். காப்பீட்டுக் கணக்குகளில் பழகிய கண், ஏழைகள் ஏன் முன்னதாகவே இறக்கிறார்கள் என்று கேட்கத் தொடங்கியது. அலுவல் போக எஞ்சிய நேரத்தில் எழுதிய நூல் 1938-இல் வந்தது. பின்னர், போர்க்காலச் சமூகப் பணிகளின் அரசு வரலாற்றை எழுதும் பொறுப்பு அவரிடம் தரப்பட்டது. அந்நூல் வெளியான 1950-லேயே லண்டன் பொருளியல் பள்ளி அவரைப் பேராசிரியராக்கியது. பட்டம் எதுவும் பெறாதவர்! நம் பல்கலைக்கழகங்களில் அவருடைய விண்ணப்பத்தையே பிரித்திருக்க மாட்டார்கள்.

1968-இல், ரத்தத்துக்கு விலை கொடுத்தால் தட்டுப்பாடு தீரும் என்று வாதிட்ட சிறுநூலொன்று லண்டனில் வெளிவந்தது. டிட்மஸின் மறுமொழி 1970-இல் வந்த ‘கொடை உறவு’ என்ற நூல். பிரிட்டனில் ரத்தம் இலவசமாகத் தரப்பட்டது. அமெரிக்காவில் பெரும்பகுதி, காசுக்கோ கடனுக்கு ஈடாகவோ பெறப்பட்டது. இரண்டையும் ஒப்பிட்டவர், விற்பனை ரத்தத்தில்தான் மஞ்சள்காமாலைத் தொற்றும் விரயமும் செலவும் மிகுதி என்று கண்டார். காரணம் எளிது. காசுக்காக வருபவருக்குத் தம் நோயை மறைக்க ஒரு காரணம் இருக்கிறது. கொடுக்க வருபவருக்கு அது இல்லை. 1978 முதல் அமெரிக்காவில் ரத்தப் பைகளின் மீது, விலைக்கு வாங்கியதா, தானமா என்று குறிப்பது கட்டாயமாயிற்று. நம் நாட்டில் ரத்த விற்பனைக்குத் தடை வந்தது 1998 தொடக்கத்தில்தான்.

கென்னத் ஆரோ 1972-இல் இதற்கு மறுப்பு எழுதினார். விற்க விரும்புவோர் விற்கட்டும். அதனால் கொடுக்க விரும்புவோரின் உரிமை எப்படிக் குறையும் என்பது அவர் கேள்வி. முப்பது ஆண்டுகள் நான் வகுப்பில் ஆரோவின் பக்கமே நின்றேன். டிட்மஸை அடிக்குறிப்பாகவே சொன்னேன். விலை நுழைந்ததும் கொடையின் பொருளே மாறிவிடுகிறது என்று அவர் சொன்னது எனக்கு அன்று உணர்ச்சிவசமாகப் பட்டது. ஸ்வீடனில் 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், பணம் தருவதாகச் சொன்னதும் பெண்களில் ரத்தம் கொடுக்க முன்வந்தோர் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தனர். சிறு பரிசுகள் கொடையைக் கூட்டுகின்றன என்று காட்டும் ஆய்வுகளும் உண்டு. டிட்மஸ் எல்லாவற்றிலும் சரி என்று நான் சொல்லவில்லை.

அவர் 1973 ஏப்ரலில், 65 வயதில் புற்றுநோயால் இறந்தார். அடுத்த ஆண்டு ஷெர்லி நோலன் என்ற தாய், நோயுற்ற தம் மகன் ஆன்டனிக்காக, மஜ்ஜை தர முன்வருவோரின் பதிவேடு ஒன்றை லண்டனில் தொடங்கினார். பொருந்தும் கொடையாளர் கிடைக்காமலே சிறுவன் 1979-இல் இறந்தான். பதிவேடு நிலைத்தது; பிற நாடுகளிலும் அத்தகைய பதிவேடுகள் பின்னர் உருவாயின. இதைக் காண டிட்மஸ் இல்லை.

கண்டிருந்தால் அவர் வாதம் இன்னும் வலுத்திருக்கும் என்பது என் கணிப்பு. ரத்தம் ஒரே வகையினர் பலரிடம் கிடைக்கும். திசுப் பொருத்தம் அப்படியன்று. பல லட்சம் பெயர்கள் கொண்ட பதிவேட்டில் ஒருவரே பொருந்தக்கூடும். விற்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர் என்ற சந்தையில் விலை எங்கே நிற்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று பாடப்புத்தகமே சொல்கிறது. அதிலும், மாற்று சிகிச்சைக்குச் சில நாள்களுக்கு முன் நோயாளியின் மஜ்ஜையை மருந்தால் அழித்துவிடுகிறார்கள். அதன் பின் கொடையாளர் பின்வாங்கினால் நோயாளி பிழைப்பது அரிது. அந்த நாளில் பேரம் பேசப்பட்டால்? ரத்தத்திலிருந்து எடுக்கப்படும் குருத்தணுக்களுக்கு ஈடு வழங்குவதைச் சட்டம் தடுக்கவில்லை என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2011-இல் தீர்ப்பளித்தது.

எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம் என்றுதான் என் மாணவரிடமும் சொல்லியிருந்தார்கள். நோயாளியின் மஜ்ஜையை அழிக்கத் தொடங்கிவிட்டதாகத் தகவல் வந்த நாளிலிருந்து அவர் இருசக்கர வாகனத்தைத் தொடவில்லையாம். வழியில் தமக்கு ஏதாவது ஆகிவிடக்கூடாதென்று, வேலைக்குப் பேருந்திலேயே போய்வந்தாராம்.