ஜேன் ஆடம்ஸ் அம்மையார்

தருமம் இருவகைப்படும். ஒன்று, உயர்ந்த திண்ணையில் நின்று கீழே நிற்பவனுக்கு இடுவது. மற்றொன்று, அவன் குடியிருக்கும் தெருவிற்கே சென்று, அவனுக்கு அயலாராய் வாழ்ந்து, அவன் குறையறிந்து தீர்ப்பது. முன்னது எளிது, பின்னது அரிது. அவ்வரிய தருமத்தை நாற்பத்தைந்து ஆண்டுகள் நடத்திக்காட்டியவர் அமெரிக்க தேசத்து ஜேன் ஆடம்ஸ் அம்மையார். சங்கங்கண்டு ஊழியஞ்செய்யும் நம்மனோர்க்கு அவர் சரித்திரம் பெரிதும் பயன்படுமாதலின், அதனை ஈண்டுச் சுருக்கி வரைவாம்.

அம்மையார் 1860-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 6-ந் தேதி இல்லினாய் மாகாணத்தில் சீடர்வில் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் ஆலைக்கு உரியவர். மாகாணச் சட்டசபையில் அங்கம் வகித்தவர். ஆபிரகாம் லிங்கனுக்கு நண்பர். இரண்டு வயதிலேயே தாயை இழந்த இக்குழந்தைக்கு முதுகெலும்பிலும் நோய் கண்டது. ராக்பர்டு நகரத்துப் பெண்கள் கலாசாலையில் 1881-ல் கல்வி முடித்தார். அவ்வாண்டிலேயே தந்தையும் இறந்தார். வைத்தியம் பயிலத் தொடங்கியும் உடல்நலிவால் அதனை விடுத்தார். செல்வமுங் கல்வியும் இருந்தும், அவற்றாற் செய்யத்தக்க காரியம் யாதென அறியாது பல ஆண்டுகள் மனம் உளைந்தார்.

லண்டன் மாநகரின் கீழ்ப்புறத்தில் ஏழைகள் நெருங்கி வாழும் ஒயிட்சாப்பல் என்னுமிடத்தில், சாமுவேல் பார்னட் என்னும் பாதிரியாரும் அவர் மனைவியாரும் 1884-ல் டாயின்பி மண்டபத்தை நிறுவியிருந்தனர். சர்வகலாசாலையிற் கற்ற இளைஞர் அங்கே தங்கி ஏழைகளுடன் பழகி உழைத்தனர். 1888-ல் அதனைக் கண்ட அம்மையார்க்குத் தம் வழி தெளிவாயிற்று. மறு ஆண்டு செப்டம்பர் 18-ந் தேதி, எல்லன் கேட்ஸ் ஸ்டார் என்னுந் தோழியாருடன், சிக்காகோ நகரத்து ஹால்ஸ்டெட் வீதியில் சார்லஸ் ஹல் என்பவர் முன்னாளிற் கட்டிய பழைய மாளிகையிற் குடியேறினார். அதுவே ஹல் மனை எனப் பெயர்பெற்றது.

அதனைச் சூழ இத்தாலியர், ஜெர்மானியர், ஐரிஷ்காரர், கிரேக்கர், ருஷிய தேசத்து யூதர் முதலிய பல நாட்டார் பிழைப்புத் தேடிவந்து நெருக்கமான வீடுகளில் வாடினர். அவர்கட்கு வேண்டுவது இன்னதென்று தாமே முடிவு செய்யாது, பழகிப் பழகி அறிந்தார் அம்மையார். வேலைக்குச் செல்லுந் தாய்மாரின் மகவுகளைப் பகலிற் காக்கும் இடம், குழந்தைப் பள்ளி, இராப்பாடசாலை, ஸ்நான அறைகள், உடற்பயிற்சிக்கூடம், விளையாட்டு வெளி, உழைக்கும் பெண்கள் தாமே நடத்திக்கொள்ளும் விடுதி என ஒவ்வொன்றாய்த் தோன்றின. நாளடைவில் அஃது பதின்மூன்று கட்டிடங்களாய் விரிந்தது.

அவர்க்கும் பிழை நேர்ந்ததுண்டு. வேலையிழந்த எழுத்தன் ஒருவன் உதவி நாடி வந்தபோது, கால்வாய் தோண்டும் வேலை இருத்தலால் முதலில் அதனைச் செய்யும்படி, தரும நிதியின் விதியை அனுசரித்துக் கூறினார். குளிர்காலத்தில் வெளிவேலையைத் தன்னுடல் தாங்காதென்று அவன் சொல்லியும் விதியைத் தளர்த்தவில்லை. அவன் இரண்டுநாள் மண்வெட்டி, நுரையீரற் சுரங்கண்டு, ஒரு வாரத்தில் மாண்டான். ஆளையறியாத விதி கொல்லும் என்பதை அன்றறிந்த அம்மையார், அதனை மறையாது தம் நூலிலேயே எழுதிவைத்தார்.

இடுவதால் மட்டும் வறுமை நீங்காதென உணர்ந்து, அதன் வேரையும் நாடினார். ஹல் மனையில் உடன் வாழ்ந்த பிளாரன்ஸ் கெல்லி முதலியோர் முயற்சியால், பதினான்கு வயதிற்குட்பட்ட சிறாரைத் தொழிற்சாலையில் வைத்தல் கூடாதென 1893-ல் மாகாணச் சட்டம் பிறந்தது. குப்பை பெருகிக் குழந்தைகள் நோயுறவே, 1895-ல் அப்பகுதியின் குப்பைப் பரிசோதகர் உத்தியோகத்தை அம்மையாரே ஏற்று, வைகறையில் எழுந்து வண்டிகளின் பின்னே சென்றார். சிறார் குற்றத்திற்கெனத் தனி நியாயஸ்தலம் 1899-ல் சிக்காகோவில் ஏற்பட்டதும் அவர் குழுவினர் உழைப்பின் பயனேயாம்.

முதல் உலகயுத்தத்தை எதிர்த்து 1915-ல் ஹேக் நகரத்து மாதர் மகாநாட்டில் அக்கிராசனம் வகித்தார். புகழ்ந்த வாய்களே இகழ்ந்தன, அவர் அசைந்திலர். 1931-ல் சமாதானத்திற்குரிய நோபல் பரிசு அவர்க்குங் கிடைத்தது. 1935-ம் ஆண்டு மே மாதம் 21-ந் தேதி காலஞ்சென்றார்.

ஹல் மனையின் பெரும்பாற் கட்டிடங்கள் 1960-க்குப் பின் சர்வகலாசாலைக்காக இடிக்கப்பட்டன. எஞ்சியவை காட்சிசாலையாய் நிற்கின்றன. அதன் பெயரால் வேறிடங்களிற் பணிசெய்த சங்கம், பெரிதும் அரசாங்கப் பொருளையே நம்பியிருந்து, பணமுடையால் 2012-ல் மூடப்பட்டது. டாயின்பி மண்டபமோ இன்றும் லண்டனில் உழைத்துவருகின்றது.

அன்பர்களே! தனக்கு அயலாரிடத்துப் பொருள் வேரூன்றாத தருமம் தளரும் என்பதும், விதியினும் ஆளே பெரிதென்பதும் இச்சரித்திரத்தால் விளங்கும். மற்றொன்றும் உண்டு. ஹல் மனையின் கதவு, வந்தவன் எந்நாட்டான் என்று கேட்டுத் திறந்ததன்று. நம்மவர் பொருளால் எழும் விடுதியும் வாசகசாலையும் நம்மவர்க்கே என்று நின்றுவிடுமாயின் அது குடும்பச் செலவாகுமேயன்றித் தருமமாகாது. நம் மண்டபத்தின் அடுத்த வீட்டில் வாழ்பவர் யாவர், அவர்க்குள்ள குறை யாது என்று நம்மில் எத்தனைபேர் அறிவோம்? முதலில் அதனை அறிவோமாக.