கடல் யாருக்கும் சொந்தமில்லை என்று வாதிட்டவர்

ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் நின்று பார்த்தால், தூரத்தில் சரக்குக் கப்பல்கள் வரிசையாக நங்கூரமிட்டு நிற்பது தெரியும். எந்த நாட்டுக் கொடி பறந்தாலும் அவை சிங்கப்பூர் நீரிணை வழியே போகலாம். இந்த உரிமைக்கு ஆதாரமான வாதத்தை 400 ஆண்டுகளுக்கு முன் எழுதியவர், நம் வட்டாரத்துக்கு ஒருமுறைகூட வராத டச்சு வழக்கறிஞர் ஹியூகோ கிரோஷியஸ்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1583ல் பிறந்த அவர், 11 வயதில் லைடன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். நம்மில் பலர் சாதாரண நிலைத் தேர்வு எழுதும் 16 வயதில் அவர் வழக்கறிஞராகிவிட்டார்.

அவருடைய வாழ்க்கையை மாற்றிய சம்பவம் இங்குதான் நடந்தது. 1603 பிப்ரவரி 25ஆம் தேதி, சிங்கப்பூரின் கிழக்கே, ஜொகூர் ஆற்று முகத்துவாரத்துக்கு அருகில், சாண்டா கத்தரீனா என்ற போர்ச்சுகீசியக் கப்பலை டச்சுத் தளபதி ஹீம்ஸ்கெர்க் ஜொகூரின் உதவியுடன் கைப்பற்றினார். அதிலிருந்த பட்டும் பீங்கானும் ஆம்ஸ்டர்டாமில் 3 மில்லியன் கில்டருக்கும் அதிகமாக ஏலம் போயின.

ஆனால் கேள்விகள் எழுந்தன. கிழக்குக்குச் செல்லும் கடல்வழி தங்களுக்கே உரியது என்றனர் போர்ச்சுகீசியர். 1602ல் தொடங்கப்பட்டிருந்த டச்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தின் பங்குதாரர்களில் சிலருக்கே இந்தக் கொள்ளைப் பணம் உறுத்தியது. தன் செயலை நியாயப்படுத்த நிறுவனம் கிரோஷியஸை நாடியது. அப்போது அவருக்கு வயது 21.

அதற்காக அவர் எழுதிய நீண்ட நூலின் ஒரு பகுதி 1609ல், ஆசிரியர் பெயரின்றி, 'சுதந்திரக் கடல்' என்ற தலைப்பில் வெளிவந்தது. நிலத்தை வேலி போட்டுச் சொந்தமாக்கலாம். கடலை அப்படி வளைக்க முடியாது. ஒருவர் பயன்படுத்துவதால் மற்றவருக்கு அது குறைவதும் இல்லை. ஆகவே எல்லா நாடுகளும் கடலில் பயணம் செய்யலாம், வணிகம் செய்யலாம் என்பதே அதன் சாரம்.

ஒருமுறை எழுதிய கொள்கை எழுதியவருக்கு மட்டும் சொந்தமாக இருப்பதில்லை. 1613ல் நறுமணப்பொருள் வணிகம் பற்றி லண்டனில் பேச்சு நடந்தபோது, ஆங்கிலேயர்கள் அந்த நூலின் வாதத்தையே டச்சுக்காரர்கள்மீது திருப்பினர். டச்சுக் குழுவில் அமர்ந்திருந்தவர் கிரோஷியஸ்! உள்ளூர் ஆட்சியாளர்களுடன் செய்த ஒப்பந்தங்களைக் காட்டி, அவர் தம் நாட்டின் ஏகபோகத்தைக் காக்க வேண்டியதாயிற்று.

பின்னர் அரசியல் மோதலில் சிக்கி ஆயுள் தண்டனை பெற்றார். 1621ல், மனைவி மரியாவின் திட்டப்படி, புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து லூவஸ்டைன் கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். பாரிசில் தங்கி, போருக்கும் விதிகள் உண்டு என்று விளக்கும் பெருநூலை 1625ல் வெளியிட்டார். 1645ல், பயணம் செய்த கப்பல் புயலில் சிக்கிக் கரை ஒதுங்கிய பின், ரொஸ்டாக் நகரில் காலமானார்.

கிரோஷியஸ் ஒன்றைத் தவறாகக் கணித்தார். எவ்வளவு எடுத்தாலும் கடல் குறையாது என்று நம்பினார். பாய்மரக் காலத்தில் அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. இன்று மீன்வளம் குறைகிறது, பிளாஸ்டிக் மிதக்கிறது. 1982ல் ஐக்கிய நாட்டுக் கடல் சட்ட ஒப்பந்தம் உருவானது. அதன் மாநாட்டை நிறைவில் தலைமையேற்று நடத்தியவர் சிங்கப்பூரின் டாமி கோ. பெருங்கடல்களின் உயிரினங்களைக் காக்கும் 2023ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பேச்சுகளுக்கும் சிங்கப்பூரரான ரெனா லீ தலைமை தாங்கினார்.

கப்பல்கள் கடலைக் கடந்துபோகும் உரிமை இன்றும் நமக்குச் சோறு போடுகிறது. ஆனால் கடலிலிருந்து எவ்வளவு எடுக்கலாம், எதைக் கொட்டக்கூடாது என்ற கேள்விகளுக்கு அவருடைய நூலில் பதில் இல்லை. அதை எழுதும் வேலை நம் தலைமுறைக்கு மிச்சமிருக்கிறது.