தலைகீழாகத் தொங்கிய தேவாலயம்

ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில் ஒரு தேவாலயம் இருக்கிறது. 1882-ம் ஆண்டு அதைக் கட்டத் தொடங்கினார்கள். நூறு ஆண்டுகள் கடந்தும் வேலை முடியவில்லை. கட்டியவர் இறந்தார். அவருடைய வரைபடங்கள் எரிந்து சாம்பலாயின. ஆனாலும் அவர் நினைத்த கோவில் எழுந்தது. உடைந்துபோன மாதிரி உருவங்களே அதற்கு வழிகாட்டின.

அந்த மேதையின் பெயர் அந்தோனி கௌதி.

செம்பு அடித்தவர் மகன்

கௌதி 1852-ம் ஆண்டு ஜூன் 25-ந் தேதி, ரெவுஸ் என்ற ஊர்ப் பகுதியில் பிறந்தார். தந்தை கன்னார் வேலை செய்தவர். செம்புத் தகட்டை அடித்துப் பெரிய கொப்பரைகள் செய்வது அவர் தொழில். தட்டையான தகடு சுத்தியல் அடியில் வளைந்து பாத்திரமாவதைப் பார்த்துப் பார்த்தே மகன் வளர்ந்தான்.

சிறு வயதிலேயே மூட்டுவாதம். மற்றப் பிள்ளைகளைப் போல ஓடியாட முடியவில்லை. பார்சிலோனாவில் கட்டிடக்கலை படித்தபோது, செலவுக்காக மற்றவர்களிடம் படம் வரையும் வேலை பார்த்தார். 1878-ல் பட்டம் பெற்றார். 1883-ல், 31 வயதில், திருக்குடும்பத் தேவாலயத்தைக் கட்டும் பொறுப்பு அவர் கைக்கு வந்தது.

மில் தொழிலாளருக்கு ஒரு கோவில்

எவுசேபி குவெல் என்பவர் துணி மில் முதலாளி. பார்சிலோனாவுக்கு அருகில் தம் தொழிலாளர் குடியிருப்பில் ஒரு கோவில் கட்டித் தருமாறு 1898-ல் கௌதியிடம் கேட்டார். கௌதி உடனே கடைக்கால் தோண்டவில்லை. மாதிரி செய்து பார்ப்பதிலேயே பத்து ஆண்டுகள் செலவிட்டார்.

அந்த மாதிரி விசித்திரமானது. ஒரு கொட்டகைக்குள், மேலே பலகை கட்டி, அதிலிருந்து நூல்களைத் தொங்கவிட்டார். நூல்களில் ஈயக் குண்டுகள் நிரப்பிய சிறு பைகளைக் கட்டினார். கட்டிடத்தில் 10 மீட்டர் என்றால் மாதிரியில் 1 மீட்டர். கட்டிடத்தில் 10,000 கிலோ பாரம் என்றால் பையில் 1 கிலோ.

இது எதற்காக? இரண்டு ஆணிகளுக்கு நடுவே பூச்சரத்தைத் தொங்கவிட்டால் அது தானாக ஒரு வளைவை எடுத்துக்கொள்ளும். அந்தச் சரத்தில் இருப்பது இழுவிசை மட்டுமே. அதே வளைவைத் தலைகீழாகத் திருப்பிக் கல்லில் கட்டினால், இழுவிசை முழுவதும் அழுத்தமாக மாறிவிடும். கல்லும் செங்கல்லும் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுத்தால் எளிதில் பிளக்கும். ஆகவே அந்த வளைவு தன் பாரத்தைத் தானே சுமந்து நிற்கும்.

கௌதி அந்த நூல் மாதிரியைப் போட்டோ எடுத்தார். படத்தைத் தலைகீழாகத் திருப்பினார். அதன் மேல் வண்ணம் தீட்டினார். கோவில் தெரிந்தது! தூண்கள் எந்தப் பக்கம் எவ்வளவு சாய வேண்டும் என்பதை நூலே சொல்லிவிட்டது.

1908-ல் வேலை தொடங்கியது. 1914-ல் நின்றுபோயிற்று. கீழ்த்தளம் மட்டுமே முடிந்தது. சாய்ந்த தூண்களோடு அது இன்றும் உறுதியாக நிற்கிறது. 2005-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

தனக்குப் பின் வருபவர்களுக்கு

அதன் பிறகு கௌதி வேறு வேலைகளை விட்டுவிட்டார். திருக்குடும்பத் தேவாலயமே அவர் உலகம். மக்கள் தரும் காணிக்கையில் நடந்த திருப்பணி அது. பணம் தீர்ந்தபோது அவரே கையேந்தினார். கடைசி மாதங்களில் அங்கிருந்த பட்டறையிலேயே தங்கினார்.

தம் ஆயுளில் வேலை முடியாது என்பது அவருக்குத் தெரியும். அதனால் பின்னால் வருபவர்களுக்காகப் பெரிய பெரிய மாதிரிகளைப் பிளாஸ்டரில் வார்த்து வைத்தார். தூண், ஜன்னல், கூரை எல்லாம் பத்தில் ஒரு பங்கு, இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் உருவாயின.

மூங்கில் மோடாவைப் பார்த்திருப்பீர்கள். நேரான குச்சிகளைச் சாய்த்துக் கட்டியதுதான். ஆனால் இடுப்பு சிறுத்து வளைவாகத் தெரியும். கௌதி தம் கடைசிக் காலத்தில் அமைத்த வளைவுகள் பலவும் இத்தகையவை. வளைவாகத் தோன்றும், உள்ளே இருப்பவை நேர்கோடுகள். சாதாரண கொத்தனாரும் நூல் பிடித்துக் கட்டிவிடலாம்.

டிராம் மோதியது

1926-ம் ஆண்டு ஜூன் 7-ந் தேதி மாலை, கோவிலுக்கு நடந்து போன கௌதி மீது டிராம் வண்டி மோதியது. பழைய உடை, பையில் அடையாளச் சீட்டு எதுவும் இல்லை. யாரோ பிச்சைக்காரர் என்று எண்ணி விட்டார்கள். ஏழைகள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். மறுநாள்தான் அவர் யார் என்று தெரிந்தது. ஜூன் 10-ந் தேதி, 73-வது வயதில் காலமானார். ஊரே திரண்டு வந்து அவருக்கு இறுதி மரியாதை செலுத்தியது.

அவர் கண்ணால் பார்த்த, முழுமையடைந்த கோபுரம் ஒன்றே ஒன்று.

நொறுங்கியும் அழியவில்லை

1936 ஜூலையில் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. கலகக் கும்பல் பட்டறைக்குள் புகுந்தது. வரைபடங்கள் தீக்கிரையாயின. பிளாஸ்டர் மாதிரிகள் துண்டு துண்டாக நொறுங்கின.

போர் முடிந்ததும் கௌதியோடு வேலை செய்தவர்கள் அந்தத் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து ஒட்டினார்கள். பல துண்டுகள் கிடைக்கவே இல்லை. ஆனால் கௌதியின் வளைவுகள் கணக்குக்கு உட்பட்டவை. மோடாவில் சில குச்சிகள் மிஞ்சினாலும் முழு மோடாவின் வடிவத்தைக் கண்டுபிடித்துவிடலாம் அல்லவா? அப்படித்தான் ஒரு துண்டை அளந்து முழு வளைவையும் கணித்தார்கள். பிற்காலத்தில் கணிப்பொறியும் கை கொடுத்தது.

2010-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி போப்பாண்டவர் 16-ம் பெனடிக்ட் வந்து தேவாலயத்தை அபிஷேகம் செய்தார். 2025 அக்டோபரில் அதன் நடுக்கோபுரம் ஜெர்மனியின் உல்ம் தேவாலயத்தையும் மிஞ்சியது. உலகிலேயே உயரமான தேவாலயம் என்ற பெயர் அதற்குக் கிடைத்தது.

கௌதியின் உடல் அதே தேவாலயத்தின் நிலவறையில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. அவர் கண்மூடிய பின் பிறந்தவர்கள், அவர் விட்டுச் சென்ற பிளாஸ்டர் துண்டுகளை அளந்து, அவர் தலைக்கு மேலேயே அவர் நினைத்த கோபுரத்தைக் கட்டினார்கள்.